ஒட்டுக்காப் போனா என்னங்க கெடைக்குது?

25 ஜனவரி 2025, கேள்வி

நம்ம பைக் கிளப்போட பிப்ரவரி 2 ரைடுக்கு ரூட்டு பாத்தேன். ஈரோடு, அரச்சலூர், சென்னிமலை, காங்கேயம், ஊதியூர், வெள்ளகோவில், முத்தூர், கொடுமுடி, திரும்ப ஈரோடு. இதுல வளைவு எங்கீங்க இருக்குது? வளைவுன்னா கொல்லிமலை 70, வால்பாறை 40, திம்பம் 27. கொரங்காட்டுக்குள்ள, அதாவது மாடு மேயற காட்டுக்குள்ள, பதினாலு வண்டி வரிசை கட்டி நாப்பதுல உருட்டறதுக்கு கிளப்பு எதுக்கு? எங்கப்பா எக்ஸ்எல்லுல ரெண்டு பால் கேனைக் கட்டீட்டு அதவிட வேகமாப் போவாரு. தனியாப் போனாக் கெடைக்காதது ஒட்டுக்காப் போனா என்னங்க கெடைக்குது?

25 ஜனவரி, ராத்திரி 10.15

ரூட்டுப் போட்டவன் நாந்தான். நானே சொல்லிர்றேன்.

மலை வளைவுல ஒரு சவுகரியம் இருக்குது. நம்பர் போட்டிருக்கும். காரவள்ளி தாண்டிக் கொல்லிமலை ஏற ஆரம்பிச்சா ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும் பலகை, எழுபதுல இது எத்தனையாவதுன்னு. வால்பாறை ரோட்டுல ஒம்பதாவது வளைவுல வரையாடு நிக்கும், அதப் பாக்கறதுக்குன்னே அல்லாரும் நிறுத்துவாங்க. பயந்துக்கிட்டே போறோம், அதனால ஒழுங்காப் போறோம். காங்கேயம் பக்கத்து வளைவுக்கு யாருங்க நம்பர் போட்டது?

அந்தச் சின்ன ரோடெல்லாம் பாதிக்கு மேல பழைய இட்டேறி. ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவால வண்டித்தடம். அது மேலயே சல்லியக் கொட்டித் தார் ஊத்தீட்டாங்க. காடு எங்க முடியுதோ அங்க இட்டேறி மொடங்கும், அதனால ரோடும் அங்கயே மொடங்குது. எஞ்சினியர் போட்ட வளைவு இல்ல அது, பங்காளிக பாகம் பிரிச்ச வளைவு. நேரா இருநூறு மீட்டர் போகும், பொசுக்குன்னு வலதுல ஒடிக்கும், மறுபடி இடதுல ஒடிக்கும். வேலி ஆள் உசரம். மழை முடிஞ்சு தழைஞ்சு நிக்கறப்ப அந்தப் பக்கம் என்ன வருதுன்னு ஒண்ணுமே தெரியாது. டிராக்டர் வரலாம், ஆடு வரலாம், உங்கப்பா எக்ஸ்எல்லுல வரலாம்.

திரும்பி வாரப்ப கொடுமுடியில இருந்து காலிங்கராயன் வாய்க்காலை ஒட்டியே வாரோம். அது வேற மாதிரி வளைவு. 1283-ல வெட்டி முடிச்ச வாய்க்கா, 56 கிலோமீட்டர். பாம்பு ஊர்ந்து வழி காட்டுச்சு, அதுக்குப் பின்னாலயே வெட்டீட்டுப் போனாங்கன்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்க. தண்ணி தானா ஓடோணும்னா மேட்டையும் பள்ளத்தையும் சுத்திக்கிட்டுத்தான போயாகோணும். பவானிகிட்ட ஒரு ஊருக்கே கோணவாய்க்கால்னு பேரு. வளைவு எங்கன்னு இதுக்கு மேல கேக்காதீங்க.

தனியாப் போனா என்ன, ஒட்டுக்காப் போனா என்னங்கறதுக்கு அப்பறமாச் சொல்றேன். தூக்கம் வருது.

26 ஜனவரி, வெடியால

நேத்து எழுதுனதுல ஒரு தப்பு. காலிங்கராயன் வாய்க்கா 56 மைலுங்க, கிலோமீட்டர் இல்ல. கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். மூணு பேரு போன் பண்ணித் திட்டீட்டாங்க. அதுல ஒருத்தருக்கு வாய்க்காப் பாசனத்துல மஞ்சக்காடு இருக்குது, அவரு திட்டுனது நாயந்தான்.

26 ஜனவரி, மத்தியானம்

நாப்பது எதுக்குன்னு கணக்குப் போட்டுக் காட்டறேன்.

நாப்பதுல போனா ஒரு செகண்டுக்குப் பதினோரு மீட்டர். எதையாச்சும் பாத்து, கை பிரேக்குக்குப் போறதுக்கே ஒரு செகண்டு ஆயிருது. அப்பறம் நல்ல காஞ்ச தாருல நிக்க இன்னொரு ஒம்பது மீட்டர். மொத்தம் இருபது. அறுபதுல போனா முதல் செகண்டுலயே பதினேழு மீட்டர் போயிருது, நிக்கறதுக்கு இன்னொரு இருபது. மொத்தம் முப்பத்தேழு. வேகம் ஒண்ணரை மடங்குதான் ஏறுச்சு, பிரேக்கு போட்டு நிக்கற தூரம் ரெண்டே கால் மடங்கு ஆயிருது. கிளுவை மொடக்குல கண்ணுக்குத் தெரியறது இருபத்தஞ்சு மீட்டர் இருந்தாப் பெரிசு. நாப்பதுல போனா நிக்கலாம். அறுபதுல போனா நிக்க முடியாது. அவ்வளவுதான்.

வண்டிக்கு வண்டி ரெண்டு செகண்டு எடம் விடோணும். நாப்பதுல அது இருபத்திரெண்டு மீட்டர். பதினாலு வண்டிக்கு நடுவால பதிமூணு எடம், மொத்தம் கிட்டத்தட்ட 290 மீட்டர் நீளம். முன்னாடி போறவன் மொடக்குத் திரும்பி, அடுத்த மொடக்கும் திரும்பி முடிச்சிருப்பான், கடைசி ஆளு இன்னும் முதல் மொடக்குக்கே வந்திருக்க மாட்டான். அதனாலதான் ஒவ்வொரு பிரிவுலயும் ரெண்டாவதா வாரவன் நின்னு கை காட்டோணும், கடைசி வண்டி வந்ததுக்கு அப்பறம் அவனும் சேந்துக்கோணும்னு வெச்சிருக்கறோம். கூகுள் மேப்பை நம்பி அந்தக் காட்டுக்குள்ள போனீங்கன்னா யாராச்சும் தோட்டத்துச் சாளை வீட்டு வாசல்ல கொண்டுபோய் நிறுத்தும். போன தடவை நின்னோம். மோரு குடுத்தாங்க, அது வேற கதை.

புது ஆளுக அல்லாரும் கடைசியில வாங்க. அவசரம் இல்லாம வரலாம்.

27 ஜனவரி

ஒருத்தரு கேட்டிருக்காரு, எக்ஸ்எல் வெச்சு ரைடுக்கு வரலாமான்னு. வரலாங்க. ஹெல்மெட் மட்டும் வேணும், ஐஎஸ்ஐ முத்திரையோட. பின்னால ஒக்காந்து வாரவங்களுக்கும்.

28 ஜனவரி, ராத்திரி

புது ஆளுக கடைசியிலன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். நம்ம கிளப்பு டீச்சரக்கா போன் பண்ணி அரை மணி நேரம் வகுப்பு எடுத்துட்டாங்க. அவங்க சொன்னதுதான் செரி. எனக்கே நடந்த விசயம், மறந்து போயிட்டேன்.

பல வருசத்துக்கு முன்னால திம்பம் போனோம். அப்ப நான் புதுசு, ஸ்பிளெண்டர். மரியாதைக்குக் கடைசியில நின்னுக்கிட்டேன். பண்ணாரியம்மன் கோயில் தாண்டி ஏறுனோம். முன்னால போறவரு ஒரு வளைவுல அஞ்சு கிலோமீட்டர் வேகம் கொறைச்சா, அடுத்தவரு பத்து கொறைப்பாரு, அதுக்கடுத்தவரு பிரேக்கையே புடிச்சிருவாரு. கடைசி ஆளு நின்னே போயிருவான். அப்பறம் முன்னால இருக்கறவங்க மறுபடி முறுக்குனா, கடைசி ஆளு கூட்டத்தைப் புடிக்க நாயாட்டத் தொரத்தோணும். முன்னால இருக்கறவருக்கு நாப்பது, கடைசியில எனக்கு அறுவத்தஞ்சு. வளைவே பழக்கமில்லாதவன்தான் அன்னைக்கு எல்லாத்தையும்விட வேகமா வளைச்சுக்கிட்டுப் போனேன். இருவத்தி மூணாவது ஊசியில லாரிக்கு ஒரு மொழம் தள்ளி நின்னேன். அந்த டிரைவர் திட்டக்கூட இல்ல. பாத்தாரு, தலைய ஆட்டுனாரு, போயிட்டாரு. திட்டியிருந்தா இத்தன நாள் ஞாபகம் இருந்திருக்காது.

அதனால புது ஆளுக, முன்னால போற லீடுக்குப் பின்னாலயே, ரெண்டு மூணுல. லீடு கண்ணாடியில அவங்களப் பாத்துக்கிட்டே போகோணும். நல்லா ஓட்டறவரு கடைசியில. அவருகிட்டத்தான் பஞ்சர் கிட்டும் மருந்துப் பெட்டியும் இருக்கோணும்.

கேள்வி கேட்டவரே, நீங்க ஸ்கூட்டர்ல வாரதாப் பேரு குடுத்திருக்கீங்க. எனக்குப் பின்னால, ரெண்டாவது. வளைவு எங்கன்னு காட்டறேன்.

பிரிவுல கை காட்டி நிக்கற வேலை இனி மூணாவதுல வாரவருக்கு. ரெண்டாவது ஆளு புதுசுங்கறதால.

30 ஜனவரி

வண்டியப் பாத்துக்கிட்டு வாங்க. டயர்ல காத்து வெடியாலயே, டயரு குளுந்திருக்கறப்பப் புடிங்க. மத்தியானம் ஓடி வந்து புடிச்சா கூடத்தான் காட்டும். செயின்ல நடுவால விரலை வெச்சு மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க. எத்தன தளர்வு இருக்கோணும்னு வண்டி கூடக் குடுத்த புத்தகத்துல போட்டிருக்கும். அதை யாரும் பிரிக்கறதே இல்ல, எங்கூட்டுலயும் பாலித்தீன் கவரோடதான் இருக்குது.

ஆர்எக்ஸ் மாமாவுக்குத் தனியா ஒண்ணு. மாமா, உங்க ஆர்எக்ஸ் 100 டூ ஸ்ட்ரோக்கு. நாங்க ஆக்சிலேட்டரை விட்டா எஞ்சினே இழுத்துப் புடிக்கும், உங்களுதுல அது பேருக்குத்தான். நாங்க பிரேக்கே தொடாத எடத்துல நீங்க புடிக்கோணும். டிரம்மு வேற. அதனால உங்களுக்குப் பின்னால வாரவரு மூணு செகண்டு விடட்டும். பொகைக்காகவும்.

1 பிப்ரவரி

வெடியால 5.45. ஆறு மணிக்கு மேல வாரவங்களுக்கு டீ இல்ல.

2 பிப்ரவரி, ராத்திரி 9.30

வந்து சேந்தாச்சு. அல்லாரும் நல்லபடியா. 171 கிலோமீட்டர் காட்டுது என்ற மீட்டர்ல.

சுருக்கமாச் சொல்றேன். தை மாசப் பனி, அரச்சலூர் வரைக்கும் ஹெல்மெட் கண்ணாடியத் தொடைச்சுக்கிட்டே போனோம். சென்னிமலையில டீ. அங்கிருந்து காங்கேயம் ரோட்டுல பழனிக்கு நடந்து போறவங்க கூட்டம் ஆரம்பிச்சிருச்சு, தைப்பூசத்துக்கு இன்னும் ஒம்பது நாளிருக்குது, அதுக்குள்ளயே. பனி முழுசா வெலகல. முதுகுல ஒட்டியிருந்த மின்னற பட்டை வெளிச்சத்துல தெரிஞ்சதால பொழைச்சுது. பதினாலு பேரும் லைட்டத் தாழ்த்தி, ஆரன் அடிக்காம, ஒத்தை வரிசையில போனோம். ஒரு பெரியவரு கைய உசத்தி "பாத்துப் போங்க சாமி"ன்னாரு. வெறுங்கால்ல நடக்கறவரு நமக்குச் சொல்றாரு.

சிவன்மலை அடிவாரத்துல நிறுத்துனோம். மேல ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்குதில்லீங்களா, பக்தருக யாரு கனவுலயாச்சும் சாமி வந்து சொல்ற பொருளைப் பெட்டியில வெப்பாங்க, அடுத்த கனவு வார வரைக்கும் அதுவே இருக்கும். யாராச்சும் ஹெல்மெட்னு கனவு கண்டா நம்ம மாவட்டத்துக்கே நல்லதுன்னு மருந்துக்கடை அண்ணன் சொன்னாரு. ஆர்எக்ஸ் மாமா சிரிக்கல. அவருக்கு நேத்துத்தான் ஆயிரம் ரூவா பைன் போட்டிருக்காங்க.

ஊதியூர் தாண்டிச் சின்ன ரோட்டுல ஏறுனோம். நல்லா இருந்துச்சு. வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல்லு காஞ்சு தங்க நெறமா, நடுவால காங்கேயம் மாடுக நாலஞ்சு. ஒரு காளை வேலிக்கு மேல தலைய நீட்டிப் பதினாலு வண்டியும் போற வரைக்கும் பாத்துச்சு. மேற்பார்வை.

வெள்ளகோவிலுக்கு முன்னால ஒரு மொடக்குல ஒரு வண்டி சாஞ்சிருச்சு. ரோட்டுல கொள்ளுக்கொடி காயப் போட்டிருந்தாங்க. அடி ஒண்ணும் பெரிசா இல்ல. கிளட்ச் லீவர் ஒடைஞ்சுது. இருபது நிமிசத்துல கெளம்பீட்டோம்.

மிச்சம் நாளைக்கு.

3 பிப்ரவரி

முத்தூர் வழியாக் கொடுமுடி. காவேரியில கால நனைச்சுப்போட்டு ஒரு மெஸ்ஸுல சாப்புட்டோம். அரிசியும் பருப்பும் சோறு, மேல நெய்யி, தொட்டுக்க அப்பளம். டீச்சரக்கா மூணு தடவை வாங்குனாங்க. இதை எழுதச் சொன்னதும் அவங்கதான், "மூணு"ன்னு எழுது, நாலுன்னு சொல்லிராதன்னு.

கொடுமுடிகிட்ட ஆவுடையார்பாறையிலதான் காலிங்கராயன் வாய்க்கா முடிஞ்சு நொய்யல்ல சேருது. முடியற எடத்துல இருந்து தண்ணிக்கு எதுத்தாப்புல ஈரோடு வரைக்கும் வந்தோம். கொரங்காட்டுல இருந்து வாரவனுக்கு இது வேற நாடு. வாழை, கரும்பு, மஞ்சக்காடு. ஒரு எடத்துல மஞ்ச வேகவெச்சுக்கிட்டிருந்தாங்க. டிராக்டருக்குப் பக்கத்துல பெரிய டிரம்மு, உள்ள ஆவி ஏத்துறாங்க, மூடியத் தெறந்ததும் மேகமாட்டப் பொகை ரோட்டுக்குக் குறுக்க வந்துச்சு. வாசம் ஹெல்மெட்டுக்குள்ள பூந்துக்கிட்டுச் சாயங்காலம் வரைக்கும் போகல. இன்னைக்குப் போட்டுப் பாத்தேன், இன்னும் இருக்குது. ஆர்எக்ஸ் மாமா வண்டிய நிறுத்திப்போட்டு அரை மணி நேரம் வெலை பேசுனாரு. வாங்குனது ஒண்ணுமில்ல.

வாய்க்கா வளைவு ஓட்டறதுக்கு சொகம். பெருசா சுத்தி வளையும், வேலி இல்ல, தண்ணிக்கு அந்தப் பக்கம் எதுக்க வாரவன் முன்னாலயே தெரியுவான். கண்ணு எங்க போகுதோ வண்டி அங்க போகும்னு சொல்லுவாங்களே, அது அங்கதான் படிக்கோணும். பயப்படற எடத்தையே பாத்தா அதுக்குள்ளயே போயிருவோம். தறிப்பட்டறைத் தம்பி வாய்க்காலையே பாத்துக்கிட்டு வந்தான். ரெண்டு தடவை டீச்சரக்கா பின்னாலருந்து ஆரன் அடிச்சு ரோட்டுக்கு இழுத்தாங்க.

3 பிப்ரவரி, ராத்திரி

கொள்ளுக்கொடி விசயத்துக்கு நெறையப் பேரு கொதிச்சுப் போயிருக்கீங்க. ரோடு என்ன களமா, கேஸு போடோணும், போட்டோ எடுத்தீங்களா, இன்னாரு இன்னாருன்னு. காருக்கு அடியில கொடி சுத்திக்கிட்டுத் தீப்புடிக்கறது நடக்கிறதுதான், அது பொய்யில்ல. பைக்குல சைலன்சர்ல ஒட்டுனாலும் பொகையும். ஆனா அந்த ஊர் பேரை நான் சொல்லப் போறதில்ல. விழுந்தவரும் கேஸுப் போடப் போறதில்ல.

4 பிப்ரவரி

விழுந்தது நாந்தான்.

நேத்தே எழுதியிருக்கோணும். "ஒரு வண்டி சாஞ்சிருச்சு"ன்னு எழுதறப்பவே கை கூசுச்சு. வண்டி தானாச் சாயுமா.

5 பிப்ரவரி, ராத்திரி 11

செரி, முழுசா.

ஊதியூர் தாண்டி அந்த ரோட்டுல நாந்தான் முன்னால. பின்னால நீங்க, ஸ்கூட்டர்ல. கண்ணாடியில உங்களப் பாத்துக்கிட்டே வந்தேன். நல்லா ஓட்டுனீங்க, எடம் விட்டு வந்தீங்க. எனக்கு என்னமோ பொறுக்கல. வளைவு எங்கன்னு கேட்டவருக்கு வளைவைக் காட்டோணும். மொடக்குக்கு மொடக்கு ரெண்டு ரெண்டா ஏத்துனேன். கடைசியா மீட்டரைப் பாத்தப்ப 52. நாப்பதுக்குக் கணக்குப் போட்டு ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன் 52.

இடது மொடக்கு. வேலி. திரும்புனதும் ரோடு முழுக்கக் கொள்ளு. இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் கணுக்கால் உசரத்துக்குக் கொடி பரப்பியிருக்குது. காஞ்ச கொடி மெத்தையாட்டத் தெரியும், அதுக்கு அடியில உதிந்த கொள்ளு தாரு மேல குண்டு மணியாட்ட உருளும். சாஞ்ச வண்டியில பிரேக்கைப் புடிச்சேன். முன் சக்கரம் பூட்டல, ஏபிஎஸ் கடகடன்னு அடிச்சுது. ஆனா பூட்டாத சக்கரத்துக்கும் கீழ புடிக்கறதுக்கு எதாச்சும் வேணுமே. நிதானமாத்தான் படுத்துச்சு வண்டி. நான் கொள்ளு மேல ஒக்காந்துக்கிட்டே அஞ்சாறு மீட்டர் போனேன். பேண்டுக்குள்ள, பூட்ஸுக்குள்ள, கையுறைக்குள்ள எல்லாம் கொள்ளு.

நீங்க நின்னுட்டீங்க. மொடக்குக்கு வாரதுக்கு முன்னாலயே வேகத்தக் கொறைச்சிருந்தீங்க, நான் பாத்தேன். என்னைத் தொரத்தல நீங்க. இறங்கி முதல்ல என்கிட்ட வரல, பின்னால ஓடிப் போய் மொடக்குல நின்னு ரெண்டு கையையும் ஆட்டி மத்த பன்னெண்டு பேரை நிறுத்துனீங்க. அது யாரும் உங்களுக்குச் சொல்லிக் குடுக்கல. தனியாப் போனாக் கெடைக்காதது என்னன்னு கேட்டீங்களே. நான் தனியாப் போயிருந்தா அந்த மொடக்குல எனக்குப் பின்னால யாரு வந்திருப்பாங்களோ. அதே சமயம், தனியாப் போயிருந்தா 52 போயிருக்கவே மாட்டேன். காட்டறதுக்கு யாரு இருக்காங்க? இதுல எது எடை கூடன்னு எனக்கு இன்னும் பிடிபடல.

வேலிச் சந்துல இருந்து ஒரு ஆத்தா வந்தாங்க. எழுவது வயசிருக்கும், கையில சீமாரு. திட்டப் போறாங்க, இல்லாட்டிப் பயந்து போயிருக்காங்கன்னு நெனைச்சேன். ரெண்டுமில்ல. வண்டியத் தூக்கறதைப் பாத்துக்கிட்டே நின்னாங்க. அப்பறம், "கண்ணு, அடி கிடி பட்டுருச்சா"ன்னாங்க. இல்லீங்காத்தான்னேன். "செரி, எந்திரிச்சு அக்கட்டால நில்லு, கொள்ளு மேலயே நிக்கறயே."

நான் மன்னிச்சுக்கங்கன்னு சொல்லீட்டு, நாங்க பதினாலு வண்டி இருக்கறோம், மெதுவா மேலயே ஓட்டீட்டுப் போறோம், உங்களுக்கும் கொஞ்சம் உதிரும்னேன். அந்தம்மா எங்க வரிசைய ஒரு தடவை நல்லாப் பாத்தாங்க. புல்லட்டு, ஹிமாலயன், ஆர்எக்ஸ், எல்லாத்தையும்.

"உங்க வண்டிக்கெல்லாம் கொள்ளு உதிருமா சாமி? ஒம்பதே கால் பஸ்ஸு வந்தாத்தான் உதிரும்."

அப்ப மணி ஒம்பது ஆகியிருந்துச்சு. லீவரை மாத்திக்கிட்டு இருந்தோம், கடைசி வண்டிப் பையில ஒண்ணு இருந்துச்சு, புண்ணியம். பஸ்ஸு வந்துச்சு. டிரைவருக்குத் தெரிஞ்சிருக்குது, மொடக்குக்கு முன்னாலயே ரெண்டு ஆரன், ஊர்ந்து வந்து மேல ஏத்துனாரு, சடசடன்னு சத்தம். ஆத்தா கொடியப் பெரட்டிப் போட்டாங்க. பன்னெண்டரைக்குத் திரும்பி வாரப்ப இன்னொருக்கா ஏத்துவாராம்.

6 பிப்ரவரி

"அப்ப ரோட்டுல காயப் போடறது செரின்னு சொல்றீங்களா"ன்னு ரெண்டு பேரு. செரின்னு சொல்லல. மொடக்கு முடிஞ்சு அம்பது மீட்டர் தள்ளிப் போட்டிருந்தா எனக்கு நேரம் கெடைச்சிருக்கும். அதை ஆத்தாகிட்டயும் சொன்னேன். "அங்க வேப்ப மர நெழல் உழுகுது கண்ணு, காயாது"ன்னாங்க. களம் இருந்துச்சாம் முந்தி, அந்த எடத்துல இப்ப வேற கட்டடம் வந்துருச்சாம். அதுக்கு மேல எனக்குப் பேச்சு வரல. நாப்பதுல போயிருந்தா நின்னிருப்பேன், அது மட்டும் கணக்கு. நீங்க நின்னீங்களே.

தறிப்பட்டறைத் தம்பி கேக்கறான், 52-ல விழுந்தா அடி படாம எப்படிண்ணான்னு. பட்டுச்சுடா. ஒக்கார முடியல. டீச்சரக்காவுக்கு மட்டும் தெரியும்.

7 பிப்ரவரி

இதையும் சொல்லிர்றேன். நான் 52 போனப்ப கடைசி வண்டி எத்தனையில வந்துச்சுன்னு மருந்துக்கடை அண்ணன்கிட்டக் கேட்டேன். முதல்ல மழுப்புனாரு. அப்பறம் எழுவதுன்னாரு. எதுக்குண்ணா அவ்வளவுன்னா, "நீ முன்னால போயிட்டயேப்பா, உன்னைய உட்டுட்டா அப்பறம் ரூட்டு யாருக்குத் தெரியும்"ங்கறாரு. மஞ்சக்காடு, கோணவாய்க்கால், திம்பத்து லாரி, எல்லாத்தையும் இத்தன நாளா எழுதுனேன். இந்த ஒரு நம்பரைக் கேட்டதுக்கு அப்பறம் ராத்திரி தூக்கம் வரல.

9 பிப்ரவரி

வண்டியக் கழுவக் குடுத்தேன். செயின் கவரைக் கழட்டுனதும் ஒரு கைப்புடி கொள்ளு. மெக்கானிக் அண்ணன் எடுத்து டீ கிளாஸ்ல போட்டு வெச்சிருந்தாரு, கிரீஸோட. "ரசம் வெக்கலாமுங்களா"ன்னு கேட்டாரு. கொடி ஒரு முழம் செயினுக்கும் பல் சக்கரத்துக்கும் நடுவால சுத்தியிருந்துச்சு, நான் அதோடதான் கொடுமுடி வரைக்கும், அங்கருந்து ஈரோடு வரைக்கும் வந்திருக்கறேன். கொள்ளு மேல ஓட்டுனா நின்னு அடியில ஒரு தடவை பாருங்க. சைலன்சரையும்.

11 பிப்ரவரி

தைப்பூசம். இன்னைக்குக் கடை லீவு, அதனால எழுதறேன்.

அடுத்தது மார்ச் 2. கேள்வி கேட்டவரு ஆசைப்பட்ட கொல்லிமலையே போலாம். நாமக்கல், சேந்தமங்கலம், காரவள்ளி, செம்மேடு. எழுபதையும் நீங்களே எண்ணிக்கோங்க, பலகை பாத்து. லீடு நான் இல்ல. டீச்சரக்கா. ரெண்டாவது தறிப்பட்டறைத் தம்பி, அவன் பள்ளத்தையே பாத்துக்கிட்டு வருவான், அக்கா கண்ணாடியில பாத்துக்குவாங்க. நான் கடைசி, பஞ்சர் கிட்டோட. எனக்கு முன்னால நீங்க.

ஏறற வண்டிக்கு இறங்கறவன் எடம் விடோணும், அது சட்டத்துலயும் இருக்குது. இறங்கறப்ப ரெண்டாவது கியருக்கு மேல போடாதீங்க. பிரேக்கை நம்பி அத்தன ஊசியும் இறங்குனா பாதியிலயே சூடேறி, புடிச்சாலும் புடிக்காம வழுக்கும். ஆர்எக்ஸ் மாமா, ஒவ்வொரு பத்து வளைவுக்கும் நின்னு டிரம்மை ஆறப் போடுங்க. யாரும் காத்துக்கிட்டு நிக்க அலுத்துக்க மாட்டோம். மேல அன்னாசிப்பழம் வெட்டி உப்பு மொளகாப் போட்டுக் குடுப்பாங்க, அங்க சேந்துக்கலாம்.

பெட்ரோலு நாமக்கல்லுலயே ரொப்பீட்டு வந்துருங்க.